ஏற்காட்டு லைன் வீடு: ஒரே பேய்னு சொன்னாங்க, காரணம் மூணு

சேலம், ஏற்காடு பக்கம் ராத்திரி பயத்தைப் பத்தி பேச்செடுத்தா ஆளுக்கொரு கதை வரும், ஆனா அதுல முக்காவாசி "எங்க மாமாவுக்கு நடந்தது", "எங்க தெருவுல ஒருத்தருக்கு நடந்தது"ன்னுதான் இருக்கும். நேர்ல போய் கேட்டு, எழுதி வெச்சு, ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்த கேஸ் ரொம்ப கம்மி. அதனாலதான் இந்த ஒரு வீட்டு விஷயத்தை ஆரம்பத்துல இருந்து முழுசா எழுதறேன். வீட்டுக்காரங்க சம்மதம் வாங்கிட்டேன், அவங்க பேரு, எஸ்டேட் பேரு, எந்தப் பக்கம்ங்கறது எதுவும் வேண்டாம். நான் ஸ்கூல்ல சயின்ஸ் வாத்தியார், டாக்டர் கிடையாது. மருத்துவம் வர்ற இடத்துலெல்லாம் டாக்டர்கிட்ட கேட்டு உறுதி பண்ணிட்டுதான் எழுதியிருக்கேன்.

வீடு

காபி தோட்டத்து ஓரமா வரிசையா கட்டின பழைய லைன் வீட்ல ஒண்ணு. முன்னாடி ஒரு ரூம், உள்ள ஒரு சின்ன ரூம், பின்னாடி தகர ஷீட் போட்டு இழுத்த சமையக்கட்டு. ரூம் ரெண்டுக்கும் மேல ஓடு, குளிருக்காக ஓட்டுக்கு அடியில தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருக்காங்க. கொஞ்சம் தள்ளி பூட்டிக் கெடக்கற பழைய பங்களா, அதுக்கும் கீழ பள்ளத்துல ஒரு குட்டை.

பெரியவருக்கு 65 வயசு, அந்த பங்களாவுக்கு வாட்ச்மேன். அவரு வீட்டம்மா பழம் பறிக்கப் போறவங்க. பையனுக்கு 25 வயசு, கீழ சேலத்துல ஒரு மில்லுல ஷிப்ட் வேலை, சூரமங்கலத்துல ரூம் எடுத்து தங்கியிருக்கான், லீவு கெடச்சா 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டுக்கு வந்துருவான். அப்புறம் மக வயித்துப் பேத்தி, எட்டாவது படிக்குது, ஆயாகூட முன் ரூம்லதான் படுக்கும்.

அந்தக் குட்டையில பல வருஷம் முன்னாடி தோட்டத்துல வேலை செஞ்ச ஒரு பொண்ணு தவறி விழுந்து செத்துப் போச்சு. கல்யாணம் ஆகல. அவ்வளவுதான் நடந்தது. அதுக்கப்புறம் அந்த லைன்ல ராத்திரி எது நடந்தாலும், கோழி காணாம போனாகூட, அந்தப் பொண்ணு பேர்லதான் எழுதுவாங்க. அந்தப் பொண்ணோட சொந்தத் தங்கச்சி அதே லைன்ல நாலு வீடு தள்ளி குடியிருக்காங்க, இது எல்லாம் அவங்க காதுல விழுந்துட்டேதான் இருக்குது. இதை இப்பவே சொல்லி வெச்சுக்கறேன், ஏன்னா பேய் கதையில யாருக்கும் நஷ்டமில்லன்னு நெனைக்கறவங்க இந்தத் தங்கச்சிய ஒரு தடவை பாக்கணும்.

என்ன நடந்துச்சுன்னு சொன்னாங்க

மொதல்ல பையன். ஐப்பசி வாக்குல இருந்து அவனை அமுக்குவான் அமுக்குது. "சார், கண்ணு நல்லா முழிச்சிருக்கு, மேல ஃபேன் சுத்தறதுகூட தெரியுது, ஆனா கை கால் வரல. கதவுகிட்ட யாரோ வந்து நிக்கறாங்கன்னு தெரியும், திரும்பிப் பாக்க முடியாது. அப்புறம் அது மெதுவா வந்து நெஞ்சு மேல உக்காந்துக்கும், தலைமுடி என் மூஞ்சியில படுது சார். அம்மான்னு கத்தறேன், சத்தமே வரல." இதைச் சொல்றப்ப அவன் கை நடுங்கினதைப் பாத்தேன். மில்லுல நாப்பது பேருக்கு நடுவுல நின்னு சிரிச்சுப் பேசற பையன்.

அடுத்தது அம்மா. நடு ராத்திரி ஓட்டு மேல யாரோ தட தடன்னு நடக்கறாங்க. பங்களா பக்கத்துல இருந்து பொம்பளை அலறுற சத்தம், அதுக்கப்புறம் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடற சத்தம். ஒரு நாள் ஒதுங்கப் போனப்ப குட்டைக்கு மேல வெள்ளையா ஒண்ணு, காலே இல்லாம, துளி சத்தமில்லாம மெதந்து போறதைக் கண்ணால பாத்துட்டாங்க. அன்னைக்கு வந்த காய்ச்சல் மூணு நாள் விடல.

கடைசியா பெரியவர். இவரு ஆரம்பத்துல எதையுமே நம்பல, பங்களாவுல தனியா ராத்திரி காவல் இருந்த மனுஷன். கார்த்திகை குளிருல அவருக்கு மாரு வலின்னு வயசைக் காரணம் காட்டி காவலை கம்மி பண்ணிட்டாங்க, அதனால வீட்டு உள் ரூம்லயே படுக்க ஆரம்பிச்சாரு. அதுக்கப்புறம்தான் அவருக்கும் ஆரம்பிச்சுது. காதுக்குள்ள ங்ஙொய்ங்னு ஒரு ரீங்காரம், நெஞ்சு இறுக்கம், கட்டில் ஓரத்துல யாரோ உக்காந்த மாதிரி பாரம், செத்துப்போன அண்ணன் கால்மாட்டுல நின்னு ஒண்ணும் பேசாம பாக்கறாரு. காலையில எந்திரிச்சா தலை வெடிக்குது, குமட்டுது, நடந்தா தள்ளாடுது. பத்து மணி வாக்குல தோட்டத்துப் பக்கம் போனா சரியாப் போயிருது.

மூணு பேர் சொன்னதும் சேந்து ஒரே பேய் ஆயிருச்சு: குட்டையில செத்த பொண்ணு கல்யாணமாகாத பையனை அமுக்குது, ஓட்டு மேல நடக்குது, பெரியவர் உசுர எடுக்க அவரு அண்ணனையே கூட்டிட்டு வந்துருச்சு. கார்த்திகை கடைசியில ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து குறி கேட்டிருக்காங்க. அவரு யாருன்னு சொல்லப் போறதில்ல. பையன் கையில கயிறு கட்டினாரு, ஒரு சேவல், ஒரு மாச சம்பளத்துல பாதிக்கு மேல பணம், இதெல்லாம்கூட போகட்டும். உள் ரூம் சுவத்துல மேல ஒரு வெண்டிலேட்டர் இருந்துச்சு, "அது வழியாத்தான் உள்ள வருது, அடைச்சுருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இவங்களும் பலகை அடிச்சு, சாக்கு திணிச்சு, மேல சாணியும் மண்ணும் பூசி காத்துகூட புகாம அடைச்சுட்டாங்க.

மார்கழியில பெரியவருக்கு ரொம்ப முத்திப் போச்சு. அப்பதான் பையனோட கூட வேலை செய்யற என் பழைய ஸ்டூடண்ட் மூலமா என்கிட்ட வந்தாங்க.

எப்படி விசாரிச்சோம்

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்"ங்கற பழமொழிய நான் அந்த வீட்ல வாயைத் தொறந்து சொல்லல. அது கேக்கறவங்களை கோழைன்னு சொல்றது. அதுக்கப்புறம் அவங்க எதையும் மறைக்காம சொல்ல மாட்டாங்க, நமக்கு வேண்டியதே அவங்க பாத்தது பாத்தபடிதான். "நீங்க பாத்தது நெஜம், அது எதனால வந்துச்சுன்னு மட்டும் பாப்போம்"னு சொன்னேன், அந்தம்மா மொகத்துல அப்பவே ஒரு தெளிவு வந்துச்சு. அதோட எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. மூணு பேர் சொல்றதுலயும் நேரம் வேற, இடம் வேற, உடம்புல படறது வேற. ஒருத்தருக்கு தலைவலி இருக்குது, மத்த ரெண்டு பேருக்கு இல்ல. ஒருத்தருக்கு காதுல கேக்குது, ஒருத்தருக்கு நெஞ்சுல பாரம். கதையை எடுத்துட்டுப் பாத்தா இது மூணையும் ஒண்ணா முடிச்சுப் போட வேற எதுவுமே இல்லையே?

அதனால ஒரு நோட்டு போட்டோம். நேரம், யாருக்கு, எங்க படுத்திருந்தாங்க, எப்படி படுத்திருந்தாங்க, என்ன பாத்தாங்க கேட்டாங்க, அன்னைக்கு மழையா பனியா, ரூம்ல என்னென்ன இருந்துச்சு. எழுதற வேலைய பேத்தி எடுத்துக்கிச்சு. அந்த நோட்டு என்கிட்ட இப்பவும் போட்டோவா இருக்குது. "மணி 1.40. ஓட்டு மேல தட தட. ஆயா முழிச்சு சாமி கும்பிட்டுச்சு. நானும் கேட்டேன். வடக்கு மூலையில இருந்து சமையக்கட்டு பக்கமா போச்சு." பென்சில்ல கோடு போட்டு ஓட்டு படம் வரைஞ்சு, சத்தம் எங்க ஆரம்பிச்சு எங்க முடிஞ்சதுன்னு அம்புக்குறி போட்டிருந்துச்சு. இவ்வளவு நல்லா ஒரு சாட்சியம் எழுதற ஆளை நான் பெரியவங்கள்லகூட பாத்ததில்ல.

ஓட்டு மேல நடந்தது, பங்களாவுல அலறினது

பேத்தி போட்ட அம்புக்குறி எல்லா நாளும் ஒரே பக்கம்தான், வடக்கு மூலையில சாஞ்சு நிக்கற சில்வர் ஓக் மரத்துல ஆரம்பிச்சு சமையக்கட்டு தகரத்துல முடியுது. ஏணி போட்டு ஏறினோம். ஓட்டு மூலையில எச்சம் குவியலா கெடந்துச்சு, குச்சியில கிளறிப் பாத்தா முழுசு முழுசா காபிக்கொட்டை, மேல் தோலு மட்டும் செரிச்சுப் போயி கொட்டை அப்படியே. மரநாய். பறிப்பு சீசன்ல நல்லா பழுத்த பழமா பாத்து தின்னுட்டு போற மிருகம், ராத்திரியிலதான் நடமாட்டம், பூனைய விட பெருசு, ஓட்டு மேல ஓடினா மனுஷன் நடக்கற சத்தம் மாதிரிதான் கேக்கும். மரத்துல இருந்து ஓட்டுக்கு நீண்டிருந்த கிளைய வெட்டினதும் ஓட்டு மேல சத்தம் நின்னு போச்சு, பின்னாடி பலாமரத்துல கேக்க ஆரம்பிச்சுது.

சாயங்காலம் தகர ஷீட்ல டப் டப்னு அடிக்கற சத்தம் இருக்கே, அது வேற. 12 அடி இரும்பு ஷீட் வெயில்ல காஞ்சு ராத்திரி 25 டிகிரி எறங்கினா சுமார் 1 மில்லிமீட்டர் சுருங்கும், ஆணி புடிச்சிருக்கற எடத்துல அது சிக்கி சிக்கி விடறப்ப வர்ற சத்தம். கல்லு எறியற மாதிரியேதான் இருக்கும்.

அலறல் பங்களாவுல இருந்துதான் வந்துச்சு, அதுவும் பரண்ல இருந்து. பெரியவர்தான் சாவி எடுத்துட்டு வந்து தொறந்தாரு. உள்ள பரண் பலகை முழுக்க வெள்ளை எச்சம், கீழ கருகருன்னு உருண்டை உருண்டையா கெடந்துச்சு, ஒண்ணை தண்ணியில ஊறப்போட்டு பிரிச்சோம், எலி மண்டையோடு, தாடை எலும்பு, பல்லு, ரோமம். கூகை குடும்பம் நடத்திட்டு இருக்குது. கூகை மத்த ஆந்தை மாதிரி ஊமைக் குரல்ல கூவாது, கிறீச்சுன்னு அலறும், அதோட குஞ்சுங்க இரைக்காக விடாம புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் போடும். வயித்துப் பக்கமும் மூஞ்சியும் வெள்ளை, றெக்கை ஓரம் மெத்துன்னு இருக்கறதால பறக்கறப்ப சத்தமே வராது. நெலா வெளிச்சத்துல குட்டை மேல தாழப் பறந்தா காலில்லாத வெள்ளை உருவம்தான். அந்தம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி: வெள்ளை, கால் இல்ல, சத்தமில்ல, அலறல், மூச்சு. ஒரு பறவைய இவ்வளவு துல்லியமா சொல்லியிருக்காங்க, அது பறவைன்னு மட்டும் யாரும் அவங்களுக்கு சொல்லல. பழைய போன்ல ராத்திரி ரெக்கார்ட் பண்ணி பகல்ல போட்டுக் காமிச்சேன், கேட்டுட்டு "இதுதான் சாமி, இதேதான்"னு சொல்லிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு குஞ்சு எத்தனைன்னு கேட்டாங்க.

பையனை அமுக்கினது

நான் புடிச்ச நூல் அவன் மொதல்ல சொன்ன வார்த்தையிலயே இருந்துச்சு. "மேல ஃபேன் சுத்தறது தெரியுது." ஏற்காட்டு வீட்ல ஃபேனே கெடையாது. கேட்டதும் அவனே யோசிச்சான், மொதல் தடவை வந்தது சூரமங்கலம் ரூம்ல, அதுவும் நைட் ஷிப்ட் முடிச்சு பகல்ல தூங்கறப்ப. எழுதிப் பாத்தப்ப வந்ததுல பாதிக்கு மேல கீழதான், ராத்திரியே இல்ல. 30 கிலோமீட்டர் எறங்கி பட்டப்பகல்ல வந்து அமுக்கற பேயை அந்த லைன்ல யாரும் கதையில சேத்துக்கல, ஏன்னா அவன் அதை வீட்ல யார்கிட்டயும் சொல்லல, வீட்ல வந்ததை மட்டும் சொல்லியிருக்கான்.

இதுக்கு தூக்க வாதம்னு பேரு. நடக்கறது இதுதான். கண்ணு இமைக்குள்ள வேகமா அசையற, கனவு வர்ற தூக்கத்தை ரெம் தூக்கம்னு சொல்றாங்க, 1953-ல சிகாகோவுல அசெரின்ஸ்கியும் கிளைட்மேனும் இதைக் கண்டுபுடிச்சு வெளியிட்டாங்க. கனவுல நாம ஓடறோம் அடிக்கறோம், ஆனா உடம்பு அப்படியே செஞ்சா கட்டில்ல இருந்து விழுந்துருவோம் இல்லையா, அதனால மூளைத்தண்டு அந்த நேரம் தசைங்களுக்குப் போற கட்டளைய நிறுத்தி வெச்சிருது. 2012-ல டொரொண்டோவுல புரூக்ஸ், பீவர் ரெண்டு பேரும் எலிங்கள்ல காட்டினாங்க, கிளைசின், காபா ரெண்டு வேதிப்பொருளும் சேந்துதான் இந்தப் பூட்டைப் போடுது. சில நேரம் நெனவு முன்னாடி முழிச்சுக்கும், பூட்டு தெறக்கறதுக்கு கொஞ்ச நொடியோ சில நிமிஷமோ தாமதமாகும். அந்த இடைவெளியிலதான் அமுக்குவான்.

நெஞ்சு பாரத்துக்கும் காரணம் இருக்குது. ரெம் தூக்கத்துல விலா எலும்பு தசையெல்லாம் தளந்துரும், நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற உதரவிதானம்ங்கற தசை ஒண்ணுதான் மூச்சு ஓட்டும். முழிச்சவன் பயத்துல ஆழமா மூச்சு இழுக்கப் பாப்பான், தசை கேக்காது, அது மேல யாரோ உக்காந்து அமுத்தற மாதிரி படும். கதவுகிட்ட ஆள் நிக்கற உணர்ச்சிய பத்தி 2006-ல நேச்சர் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு: வலிப்பு நோய்க்கு பரிசோதனை செஞ்சுட்டு இருந்த ஒரு பொண்ணோட மூளையில, இடது பக்கம் பொட்டுக்கு மேல பின்னாடி இருக்கற ஒரு இடத்துல மின்சாரம் லேசா குடுத்தப்ப, பின்னாடி யாரோ ஒருத்தர் இருக்கறாங்கன்னு அவங்களுக்கு உறுதியா பட்டுருக்குது, கரண்ட் நிறுத்தினா ஆளும் போயிருது. சொந்த உடம்பு எங்க இருக்குன்னு மூளை போடற கணக்கு கொஞ்சம் பிசகினா தன்னையே இன்னொரு ஆளா உணர முடியும்.

அந்த ஆளுக்கு உருவம் குடுக்கறது ஊரு. கனடாவுல நியூஃபவுண்ட்லாண்ட் பக்கம் கெழவி வந்து உக்காருவா, ஜப்பான்ல கனஷிபாரின்னு சொல்வாங்க, நம்ம பையனுக்கு சின்ன வயசுல இருந்து குட்டை கதைதான் தெரியும், அதனால ஈரத் தலைமுடியோட அந்தப் பொண்ணு. 2011-ல ஷார்ப்லெஸ், பார்பர் ரெண்டு பேரும் 35 ஆய்வை ஒண்ணா தொகுத்துப் பாத்தப்ப, பொதுமக்கள்ல 7.6 சதவீதம் பேருக்கும் ஸ்டூடண்ட்ஸ்ல 28.3 சதவீதம் பேருக்கும் வாழ்க்கையில ஒரு தடவையாவது வந்திருக்குது. தூக்கம் கெட்டவங்களுக்கு, நேரம் மாத்தி மாத்தி தூங்கறவங்களுக்கு, மல்லாந்து படுக்கறவங்களுக்கு அதிகம். பேத்தி நோட்டுல "எப்படி படுத்திருந்தாங்க"ங்கற எடத்துல மாமாவுக்கு எல்லா வரியிலயும் "மல்லாக்க"ன்னுதான் இருக்குது.

சேலத்துல ஒரு டாக்டரைப் பாத்தான். பகல்ல கட்டுப்படுத்த முடியாத தூக்கம் வருதா, சிரிச்சா முட்டி மடங்குதா, கொறட்டை உண்டான்னு கேட்டாங்க, இதுல எதுனா இருந்தா வேற நோய் இருக்கலாம், இவனுக்கு இல்ல. ஒருக்களிச்சுப் படுக்கறது, ஷிப்ட் எதுவானாலும் மொத்தத் தூக்கத்தை வெட்டாம இருக்கறது, நைட் ஷிப்ட் கடைசியில டீ குடிக்காம இருக்கறது. வந்துட்டா முழு உடம்பையும் எழுப்பப் போராடாம, கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாக்கறது, மூச்சை அது போக்குல விடறது. மில்லுல ஷிப்ட் மாறறதை அவனால நிறுத்த முடியாது, அதனால எப்பவாவது இன்னமும் வருது. ஆனா இப்ப வந்தா "இது ரெம், போயிரும்"னு மனசுக்குள்ள சொல்லிக்கறேன் சார்ங்கறான். பயம் கொறைஞ்சதுல வர்றதும் கொறைஞ்சிருச்சு.

பெரியவருக்கு வந்தது

இதுதான் என்னை தூங்க விடாத பகுதி. மத்த ரெண்டும் பயம், இது உசுரு.

நோட்டுல "ரூம்ல என்னென்ன இருந்துச்சு"ங்கற எடத்துல பேத்தி எழுதியிருந்தது: "கட்டில், டிரங்குப் பெட்டி, குமுட்டி அடுப்பு." பெரியவர் குளிர் தாங்காம கரியை வெளியில நல்லா கனிய விட்டு, புகை அடங்கினதும் குமுட்டிய உள்ள தூக்கிட்டு வந்து கட்டிலுக்கு அடியில வெச்சு கதவை சாத்திட்டு படுப்பாரு. மலையில வயசானவங்க நெறைய பேர் செய்யறதுதான். புகை வந்தாத்தான் ஆபத்துன்னு எல்லாரும் நெனைக்கறோம், கரி செக்கச் செவேல்னு புகையில்லாம இருக்கறப்பதான் தைரியமா உள்ள கொண்டு வர்றோம். ஆனா மூடின ரூம்ல கரி எரியறப்ப கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு நிறம் இல்ல, வாசனை இல்ல, கண்ணு எரியாது, இருமல் வராது. ரத்தத்துல ஆக்சிஜன் ஒக்கார வேண்டிய எடத்துல அதைவிட 200 மடங்குக்கு மேல பிடிப்பா இது போய் ஒக்காந்துக்கும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், காது ரீங்காரம், நெஞ்சு இறுக்கம், மனக் குழப்பம், சில பேருக்கு இல்லாத ஆள் தெரியறது. ஜாஸ்தியானா தூக்கத்துலயே முடிஞ்சிரும். வெளிக் காத்துல இருந்தா நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருக்கா பாதி பாதியா எறங்கும், அதான் பத்து மணிக்கு தோட்டத்துல தெளிஞ்சது.

இது புதுசும் இல்ல. 1921-ல வில்மர்ங்கற அமெரிக்க கண் டாக்டர் ஒரு குடும்பத்தைப் பத்தி மருத்துவ இதழ்ல எழுதியிருக்காரு, புது வீட்டுக்குக் குடி போனதுல இருந்து காலடி சத்தம், யாரோ இருக்கற உணர்ச்சி, தலைவலி, படுக்கையில அமுக்கற மாதிரி, கடைசியில பாத்தா வீட்டை சூடாக்கற உலை ஓட்டை, சரி பண்ணினதும் எல்லாம் நின்னிருச்சு. நூறு வருஷத்துக்கு முன்ன எழுதி வெச்ச விஷயம் நம்ம லைன் வீட்டுக்கு வந்து சேரலையேங்கற ஆத்தாமை எனக்கு இன்னும் இருக்குது.

நோட்டை வெச்சு தேதி தேதியா பாத்தோம். குமுட்டி வெச்ச ராத்திரியிலதான் அண்ணன் வந்தாரு. கரி மழையில நனைஞ்சு பத்த வைக்க முடியாத ரெண்டு மூணு ராத்திரி வரவே இல்ல, காலையில தலைவலியும் இல்ல. வெண்டிலேட்டரை அடைச்சதுக்கு அப்புறம் எல்லாமே மோசம். பேயை வெளிய நிறுத்தணும்னு அடைச்ச அந்த ஓட்டைதான் அதுவரைக்கும் அவரைக் காப்பாத்திட்டு இருந்துச்சு.

ஒரு சிக்கல் இருந்துச்சு. பையன் கொரோனா நேரத்துல வாங்கின பல்ஸ் ஆக்சிமீட்டரை காலையில அப்பா விரல்ல மாட்டிப் பாத்திருக்கான், 98 காட்டியிருக்கு. "ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு, அப்ப இது உடம்புக்கு வந்ததில்ல"ன்னு முடிவு பண்ணிட்டாங்க. அந்த மெஷின் சிவப்பு வெளிச்சத்தை வெச்சு அளக்கறது, கார்பன் மோனாக்சைடு ஒக்காந்த ரத்தத்தையும் ஆக்சிஜன் ஒக்காந்த ரத்தம்னே எடுத்துக்கும். இதுல சாதாரண ஆக்சிமீட்டர் காட்டற நம்பரை நம்பவே கூடாது, ரத்தம் எடுத்து தனி டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும். மலை எறங்கி ஆஸ்பத்திரி வரிசையில நின்னு முடிக்கறதுக்குள்ள ரத்தத்துல அளவு எறங்கிடும்ங்கறதால எங்களால அதை புடிக்க முடியல.

அதனால ரூமை அளந்தோம். ஆன்லைன்ல வாங்கின கார்பன் மோனாக்சைடு அலாரத்தை, ஆள் யாரும் உள்ள படுக்காம, தலகாணி உசரத்துல வெச்சு, எப்பவும் போடற அளவு கரியோட குமுட்டிய வெச்சு, கதவைச் சாத்திட்டு வெளிய ஜன்னல் கண்ணாடி வழியா டார்ச் அடிச்சுப் பாத்தோம். கொஞ்ச நேரம் சைபர். அப்புறம் 30, 50ன்னு ஏறி, அரைமணி தாண்டினதும் 100 பிபிஎம்-ஐ (பத்து லட்சம் பங்கு காத்துல எத்தனை பங்குங்கற அளவு) தாண்டிச்சு, 150-க்கும் மேல போயி அலாரம் கத்த ஆரம்பிச்சுது. இந்த மாதிரி அலாரத்துக்கு 70 பிபிஎம்-ல ஒரு மணி நேரத்துல இருந்து நாலு மணி நேரத்துக்குள்ள அடிக்கணும், 150-ல பத்து நிமிஷத்துல இருந்து 50 நிமிஷத்துக்குள்ள அடிக்கணும்ங்கறதுதான் அமெரிக்கத் தரக் கணக்கு. பெரியவர் என் பக்கத்துலதான் போர்வைய போத்திட்டு நின்னாரு. "கரியிலயா வாத்தியாரே? புகையே இல்லையே?"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு, கட்டிலையே பாத்துட்டு நின்னாரு. வெண்டிலேட்டரை உடைச்சு எடுத்துட்டு இன்னொரு தடவை அளந்தோம், கொறைஞ்சுது, ஆனா சைபராகல. அதனால ஓட்டை இருந்தா போதும்னு யாரும் எடுத்துக்கக் கூடாது, குமுட்டி படுக்கற ரூமுக்குள்ள வரவே கூடாது.

வயசானவருக்கு ஆள் தெரியுதுன்னா மூளை சம்பந்தமான நோயும் இருக்கலாம்ங்கறதால டாக்டர்கிட்ட முழுசா காமிச்சாங்க, அப்படி எதுவும் இல்ல. குமுட்டி வெளிய போனது, அதே குளிரு, அதே ரூம், அதே கட்டில், அண்ணன் திரும்ப வரல. இப்ப ரெண்டு கம்பளி, சுடுதண்ணி ரப்பர் பை, காலுக்கு சாக்ஸ்.

மிச்சம்

பெரியவர் ஒரு தடவை பங்களா வாசல்ல தன் பேரைச் சொல்லி யாரோ கூப்பிட்டாங்கன்னு சொன்னதை நான் கணக்குல சேக்கல, ஒரே தடவை நடந்தது, எழுதி வைக்கறதுக்கு முன்னாடி நடந்தது. தூக்கம் கண்ணைச் சொருகறப்ப பேரைச் சொல்லிக் கூப்பிடற மாதிரி கேக்கறது ரொம்பப் பேருக்கு வர்றதுதான், ஆனா இவருக்கு அதுதான் நடந்துச்சுன்னு சொல்ல எனக்கு ஆதாரம் இல்ல.

வாசல்ல வேப்பிலைக் கொத்து இன்னும் தொங்குது, பையன் கையில கயிறும் இருக்குது, அதை அவுக்கச் சொல்லி நான் கேக்கல, அதனால யாருக்கும் மூச்சு முட்டாது. அந்தம்மா தானாவே நாலு வீடு தள்ளி இருக்கற தங்கச்சி வீட்டுக்குப் போயி, உங்கக்கா பேரை இத்தனை நாள் தப்பா சொல்லிட்டோம் கண்ணுன்னு சொல்லிட்டு வந்திருக்காங்க. தங்கச்சி ஒண்ணும் சொல்லலயாம், உள்ள போயி காபி போட்டுட்டு வந்து குடுத்தாங்களாம்.

அலாரத்தை நான் திரும்ப வாங்கிக்கல. பேத்தி அதை எடுத்துட்டு லைன்ல ஒவ்வொரு வீடா ஒரு ராத்திரி வெச்சுப் பாத்துட்டு வருது, அதே நோட்டுல அடுத்த பக்கத்துல வீட்டு நம்பர், குமுட்டி உண்டா, எவ்வளவு காட்டுச்சுன்னு எழுதுது. கடைசி வீட்ல கைக்குழந்தையோட ஒரு குடும்பம், அவங்க வீட்ல பேய்னு யாரும் எப்பவும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அங்கயும் அலாரம் அடிச்சிருக்குது.